கல்லின் வாக்குமூலம்

2020ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில், பெரம்பலூர் ஜில்லாவைச் சேர்ந்த குன்னத்தில் மண் தோண்டியபோது உருண்டை உருண்டையாகச் சில பெருங்கற்கள் வெளிப்பட்டன. அவை டைனோஸார் என்னும் பூர்வ கால ராட்சத ஜந்துவின் முட்டைகள் என்று யாரோ சொல்லிவிட, அச்சொல் கைபேசி வழியே காட்டுத்தீயாய்ப் பரவிற்று. விஷயமறிந்தோர் ஆராய்ந்து பார்த்தார்கள். அவை முட்டைகளல்ல, கடலில் வாழ்ந்து மடிந்த அம்மோனைட் என்னும் ஜந்துக்களைச் சுற்றி வண்டல் இறுகிக் கல்லான உருண்டைகளே என்று விளக்கினார்கள். முட்டை இல்லை என்றதும் ஜனங்களின் ஆவலும் அடங்கிவிட்டது.

நமக்கு வியப்பளிப்பது இந்த அடக்கமே. அலையோசை எட்டாத தூரத்தில், வானம் பார்த்த கரிசல் காட்டில், கடல் ஜந்து ஒன்று கிடக்கிறதென்றால் அது முட்டையைவிடச் சிறிய செய்தியா? அங்கே கடல் எப்பொழுது வந்தது, எப்பொழுது போயிற்று, அதை எப்படி அறிவது என்ற கேள்விகளை எழுப்புவாரைக் காணோம். வதந்தியைக் கேட்கக் கூடிய கூட்டம் சாட்சியத்தைக் கேட்க நிற்கவில்லை. அந்தச் சாட்சியத்தை இன்று நேயர்கள்முன் வைக்க விரும்புகிறோம். அதில் நமது தேசத்தின் சொத்து ஒன்றைப் பற்றிய வழக்கும் அடங்கியிருக்கிறது.

பேசாத சாட்சி

நியாயஸ்தலத்தில் கண்ணால் கண்டோர் கூறும் வாய்ச்சாட்சி ஒருவகை. சந்தர்ப்பங்களைக் கொண்டு ஊகித்தறியும் சாட்சியம் மற்றொரு வகை. பூமியின் பூர்வ சரித்திரத்துக்கு வாய்ச்சாட்சி கிடையாது. நம்மைப் போன்ற மனிதர் தோன்றிச் சுமார் 3 லட்சம் வருஷங்களே ஆகின்றன. பூமியோ கோடிக்கணக்கான வருஷங்களாக இருந்துவருவது. ஆகவே கல்லையே கூண்டிலேற்றி விசாரிக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சாட்சிக்குக் கட்சி கிடையாது. லஞ்சம் வாங்கத் தெரியாது. ஆனால் கேட்கத் தெரிந்தவனுக்கே அது விடை சொல்லும்.

பூர்வ காலத்து உயிர்களின் உடலோ அவற்றின் சுவடோ கல்லில் பதிந்து கிடப்பதைப் பாஸில் என்பர். தமிழில் புதைபடிவம் எனப்படும். மடிந்த ஜந்துக்களில் பெரும்பாலானவை அழுகியோ, பிற பிராணிகளுக்கு இரையாகியோ அழிந்துபோகின்றன. நீரடியில் விழுந்து, அழுகுமுன் வண்டலால் மூடப்படுவது எங்கோ ஒன்றே. அதன்மேல் மேலும் வண்டல் படிகிறது, பாரம் அழுத்துகிறது, மண்ணில் ஊறும் நீரில் கரைந்துள்ள தாதுக்கள் எலும்பிலும் மரத்திலும் உள்ள நுண்துளைகளிற் புகுந்து இறுகுகின்றன. மரத்தின் நரம்பும் வளையமும் அப்படியே இருக்க, மரம் கல்லாய்விடுகிறது. விழுப்புரம் ஜில்லா திருவக்கரையில் இவ்விதம் கல்லான மரங்கள் ஏராளமாய்க் கிடக்கின்றன. வதைக்கப்பட்ட வக்கிராசுரனின் எலும்புகள் அவை என்பது அவ்வூர்க் கதை. கதை சொன்னவர்களை நாம் இகழ மாட்டோம். வழியில் கிடந்த கல்லைச் சாதாரணக் கல்லன்று என்று அவர்கள் கண்டுகொண்டார்களே, அதுவே விசாரணையின் முதற்படி. பிரெஞ்சு யாத்ரீகரான சோனரா 1781ஆம் வருஷத்திலேயே அவற்றைப் பற்றி எழுதினார். அவை சுமார் 2 கோடி வருஷங்களுக்கு முன் வெள்ளத்தில் அடித்து வரப்பட்டுப் புதைந்த மரங்கள் என்று சாஸ்திரக்ஞர் கூறுகின்றனர்.

விசாரணை முறையை முதன்முதலில் வகுத்தவர்களில் ஒருவர் ஸ்டீனோ என்னும் டென்மார்க் தேசத்தவர். 1666ஆம் வருஷம் பிளாரன்ஸ் நகரில் ஒரு சுறாவின் தலையை அறுத்துப் பார்த்த அவர், மலைக் கற்களில் அகப்பட்ட நாக்குப் போன்ற கற்கள் சுறாவின் பற்களே என்று கண்டார். 1669ஆம் வருஷம் வெளியிட்ட நூலில் அவர் கூறிய விதி மிக எளியது: படிவுகளில் அடியில் உள்ளது முந்தியது, மேலே உள்ளது பிந்தியது. கச்சேரிக் குமாஸ்தாவின் மேஜைமேல் குவிந்த காகிதங்களில் அடியிற் கிடப்பது பழையது என்று நாம் சொல்வதைப் போன்றதே இது. அந்த ஸ்டீனோ பிற்காலத்தில் கிறிஸ்துவ பிஷப்பாக வாழ்ந்து மடிந்தவர். கல்லை விசாரிப்பது தெய்வ நிந்தையாகும் என்று அஞ்சுவோர் இதைக் கவனிப்பாராக.

அடுக்குகளின் முறை தெரிந்தாலும், ஓரூரின் அடுக்குக்கும் நூறு மைல் தூரத்து அடுக்குக்கும் உள்ள உறவை எப்படித் தீர்மானிப்பது? இந்த முடிச்சை அவிழ்த்தவர் இங்கிலாந்தில் கால்வாய் வெட்டும் வேலையை மேற்பார்த்த வில்லியம் ஸ்மித். கொல்லர் ஒருவரின் மகன்; சர்வகலாசாலையை மிதித்தவரல்லர். வெட்டிய மண்ணைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வோர் அடுக்கிலும் அதற்கே உரிய புதைபடிவங்கள் உண்டு, எங்கு சென்றாலும் அவை வரும் வரிசை மாறுவதில்லை என்று கண்டார். இந்த உண்மையைக் கொண்டு 1815ஆம் வருஷம் இங்கிலாந்தின் பூகர்ப்பப் படத்தை வெளியிட்டார். 1819ஆம் வருஷம் கடனுக்காகச் சிறை சென்றார். பன்னிரண்டு வருஷங்கள் கழித்துத்தான் கனவான்களின் சங்கம் அவருக்குப் பதக்கம் அளித்தது.

அக்காலத்திலேயே அத்தேசத்துக் கடற்கரை ஊரொன்றில் மேரி ஆனிங் என்னும் தச்சர் மகள், பாறைகளில் கிடைத்த சிப்பிகளையும் எலும்புகளையும் விற்று வயிறு வளர்த்து வந்தாள். பூமியில் இன்று எங்கும் இல்லாத கடற் பிராணிகளின் முழு எலும்புக்கூடுகளை அவள் தோண்டியெடுத்தாள். ஓர் இனம் அடியோடு அழியக்கூடும் என்று 1796ஆம் வருஷம் பிரான்ஸ் தேசத்துக் கூவியே நிரூபிக்க முற்பட்டதற்கு அவை கண்கூடான அத்தாட்சியாயின. கால்வாய் வெட்டும் வேலையில் இருந்தவரும் ஏழைப் பெண்ணும் கட்டிய அஸ்திவாரத்தின்மேல் இந்தச் சாஸ்திரம் நிற்கிறது என்பதை நமது ஊழியர்கள் மறக்கலாகாது.

திருச்சிச் சீமையின் கடல்

இனி நம் ஊருக்கு வருவோம். 1840களில் கே, கன்லிப் என்ற இரு ஆங்கிலேயர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் கற்சிப்பிகளைத் திரட்டிச் சீமைக்கு அனுப்பினார்கள். 1846ஆம் வருஷம் எட்வர்ட் போர்ப்ஸ் அவற்றை ஆராய்ந்து வெளியிட்டார். 1851ஆம் வருஷம் ஏற்பட்ட இந்தியப் பூகர்ப்ப இலாகாவைச் சேர்ந்த பிளான்போர்ட் 1857 முதல் அந்தப் பிரதேசத்தை அளந்து, 1862ஆம் வருஷம் தமது அறிக்கையை அச்சிட்டார். அவருக்குப்பின் ஸ்டோலிஸ்கா என்னும் மொரேவியா நாட்டவர் அங்கே கிடைத்த ஜந்துக்களைப் பல வருஷங்கள் அமர்ந்து விவரித்தார். அவர் எழுதிய பெருநூல்களை இன்றும் உலகத்துப் புலவர்கள் எடுத்துப் பார்க்கிறார்கள். 1874ஆம் வருஷம் யார்க்கந்து யாத்திரையிலிருந்து திரும்பும் வழியில் அவர் லடாக்கின் உயரத்தில் மாண்டார்.

அவர்கள் வகுத்த வரிசை நம் ஊர்களின் பெயராலேயே வழங்குகிறது. அடியில் ஊட்டத்தூர்த் தொகுதி, அதன்மேல் திருச்சிராப்பள்ளித் தொகுதி, அதற்கும்மேல் அரியலூர்த் தொகுதி, எல்லாவற்றுக்கும் மேலே நின்னியூர்ப் படிவு. சுமார் 11 கோடி வருஷங்களுக்கு முன் தொடங்கி, 6 கோடியே 20 லட்சம் வருஷங்களுக்கு முன் வரையில் கடல் பலமுறை முன்னேறியும் பின்வாங்கியும் எழுதிவைத்த ஏடுகள் இவை. பெரம்பலூரை அடுத்த காரையில் களிமண் மேடுகள் மழையால் அரிக்கப்பட்டு, கணவாய்மீனின் பழைய உறவினங்களின் கூர்மையான உள்ளோடுகளை வெளியே தள்ளுகின்றன. கருடமங்கலத்துச் சிப்பிக்கல்லை மெருகிட்டு அலங்காரப் பொருள்கள் செய்ததுண்டு. கல்லங்குறிச்சி வரதராஜப் பெருமாளைச் சேவிக்கச் செல்வோரில், அவ்வூரின் சுண்ணாம்புக்கல் பழைய கடலில் மலைபோல் குவிந்த சிப்பிகளால் ஆனது என்பதை எத்தனை பேர் அறிவர்?

சாத்தனூரில் 1940ஆம் வருஷம் டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த கல்மரம் 18 மீட்டர் நீளம் உள்ளது. அதன் வாக்குமூலத்தைக் கேளுங்கள். மரம் நிலத்தில் வளர்வது. ஆனால் அது கிடக்கும் பாறையோ கடற்சிப்பிகள் நிறைந்தது. ஆகவே அது வளர்ந்த இடம் வேறு, வீழ்ந்த இடம் வேறு. கரையோரக் காட்டிலிருந்து ஆற்று வெள்ளத்தால் கடலுக்கு இழுத்துச் செல்லப்பட்டு அங்கே மூழ்கியிருக்க வேண்டும். அது பூக்கும் மரவகையைச் சேர்ந்ததன்று. ஊசியிலை மரங்களின் கூட்டத்தைச் சேர்ந்தது. ஒரே மரம் காட்டுக்கும், ஆற்றுக்கும், கடலுக்கும், அக்காலத்துத் தாவர வர்க்கத்துக்கும் சாட்சியாகிறது. இதைவிடத் தெளிவான சந்தர்ப்ப சாட்சியத்தை எந்த வக்கீல் கொண்டுவர முடியும்?

இந்தச் சாட்சியம் தேச எல்லையோடு நிற்பதன்று. நம் பாறைகளில் உள்ள கடல் ஜந்துக்களின் நெருங்கிய இனங்கள் மடகாஸ்கரிலும் தென்னாப்பிரிக்காவிலும் கிடைக்கின்றன. அந்நிலங்கள் யாவும் ஒரு காலத்தில் கோண்டுவானா என்னும் ஒரே கண்டமாக இருந்தவை. இந்தியாவின் கோண்டு மக்களின் நாட்டுப் பெயரே உலகம் முழுவதும் அக்கண்டத்துக்கு வழங்குகிறது. சுமார் 9 கோடி வருஷங்களுக்கு முன் மடகாஸ்கரைப் பிரிந்து வடக்கு நோக்கிச் சென்ற இந்தியா, சுமார் 5 கோடி வருஷங்களுக்கு முன் ஆசியாவோடு மோதிற்று. இடையில் கிடந்த கடலின் அடித்தளம் மடிந்து இமயமாக எழுந்தது. எவரெஸ்டின் உச்சிப் பாறையிலும் கடல் ஜந்துக்களின் சிதைவுகள் உண்டு. கண்டகி நதியில் எடுத்துவந்து நம் வீடுகளில் துளசி சார்த்திப் பூஜிக்கும் சாளக்கிராமத்தின் சக்கரம் அம்மோனைட்டின் சுருளே. குன்னத்தில் முட்டை என்று மயங்கிய கல்லும், பூஜையறையில் உள்ள கல்லும் உறவினர்! இதனால் பக்திக்குக் குறைவு வருவதாக நாம் எண்ணவில்லை.

அந்த அம்மோனைட் கடைசியில் என்ன ஆயிற்று? அரியலூர்த் தொகுதியில் உண்டு. அதற்கு மேலுள்ள நின்னியூர்ப் படிவில் இல்லை. அதன் தூரத்து உறவான நாட்டிலஸ் மட்டும் அங்கே காணப்படுகிறது. உலகெங்கும் இதே கதை. 6 கோடியே 60 லட்சம் வருஷங்களுக்கு முன், இன்றைய மெக்ஸிகோ கரையில் ஒரு பெரும் விண்கல் வீழ்ந்தது. தக்காணத்தில் எரிமலைக் குழம்பு பொங்கிக்கொண்டிருந்ததும் அக்காலத்தில்தான். பறவைகளின் மூதாதையர் தவிர டைனோஸார்கள் யாவும் அழிந்தன. அம்மோனைட் வம்சம் பூண்டோடு போயிற்று. உலகளாவிய அந்தப் பேரழிவுக்கு முன்னும் பின்னுமான ஏடுகள் நமது அரியலூர் ஜில்லாவில் இருக்கின்றன.

வருஷக் கணக்கு

கோடி கோடி என்று கூசாமல் சொல்கிறீர்களே, இக்கணக்கை எழுதியவர் யார் என்று நேயர்கள் கேட்கலாம். கேட்க வேண்டியதே. அடுக்கு முறை முந்தியது பிந்தியது எது என்பதை மட்டுமே சொல்லும், வருஷத்தைச் சொல்லாது. 1862ஆம் வருஷம் கெல்வின் என்னும் பேராசிரியர், பூமி உருகிய நிலையிலிருந்து ஆறும் வேகத்தைக் கணக்கிட்டு, அதன் வயது 2 கோடி முதல் 40 கோடி வருஷங்கள் வரை இருக்கலாம் என்றார். பாறைகளைப் படித்தவர்களுக்கு இது போதவில்லை. 1896ஆம் வருஷம் பெக்கரல் கதிரியக்கத்தைக் கண்டபின் புதிய கடிகாரம் கிடைத்தது. யுரேனியம் என்னும் உலோகம் தானாகச் சிதைந்து ஈயமாகிறது. அதன் முக்கிய வகையில் சரிபாதி சிதைய 447 கோடி வருஷங்கள் ஆகின்றன. ஒரு கல்லில் யுரேனியம் எவ்வளவு, அதிலிருந்து பிறந்த ஈயம் எவ்வளவு என்று அளந்தால், அசலையும் வட்டியையும் கொண்டு கடன் வாங்கிய தேதியைக் கண்டுபிடிப்பதுபோல் கல்லின் வயதைக் கண்டுபிடிக்கலாம். 1956ஆம் வருஷம் பேட்டர்ஸன் விண்கற்களை அளந்து, பூமியின் வயது சுமார் 455 கோடி வருஷங்கள் என்று நிலைநாட்டினார்.

பிரம்மாவின் ஒரு பகலாகிய கல்பம் 432 கோடி வருஷங்கள் என்பது புராணக் கணக்கு. இரு தொகைகளும் அருகருகே இருப்பதைக் கண்டு, எல்லாம் நம் முன்னோர் அறிந்ததே என்று மார்தட்டுவோர் உளர். பெருங் காலத்தைக் கண்டு அஞ்சாத மனப்பான்மை நம் முன்னோருக்கு இருந்தது, அது பெருமையே. ஆனால் கணக்கிட்ட முறையைக் காட்டாத தொகை எந்த நியாயஸ்தலத்திலும் செல்லாது. முறையைக் காட்டுவதே சாஸ்திரம். பிறர் அதைச் சோதித்துத் தள்ளவும் கொள்ளவும் இடங்கொடுப்பதே அதன் பலம். கெல்வின் போன்ற பெரியவரின் தீர்ப்பும் அப்பீலில் மாறிற்று என்பதை நோக்குக.

இதனால் பயன் என்ன?

வயிற்றுப் பிழைப்புக்கு வழி தேடும் தேசத்துக்குச் சிப்பியாராய்ச்சி எதற்கு என்று கேட்போருக்கு நெய்வேலியைக் காட்டுவோம். புதைந்த பழங்காடுகளே அங்கு நிலக்கரியாகிக் கிடக்கின்றன. 1956ஆம் வருஷம் அதற்கெனக் கம்பெனி ஏற்பட்டது. தமிழ்நாட்டின் விளக்குகளில் அந்தக் காடுகள் எரிகின்றன. பெட்ரோலியம் தேடித் துளையிடுவோர், துளையிலிருந்து வரும் மண்ணில் உள்ள கண்ணுக்கெட்டாத நுண்சிப்பிகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தே எந்த அடுக்கில் இருக்கிறோம் என்று தீர்மானிக்கிறார்கள். நரிமணத்தில் எண்ணெய் தரும் காவிரிப் படுகை அரியலூர்ப் பாறைகளோடு ஒரே பாத்திரத்தைச் சேர்ந்தது.

பூமியை அறிந்தவனே அதன் செல்வத்துக்கு உடையவனாகிறான். இந்தியப் பூகர்ப்ப இலாகாவில் சேர்ந்த பிரமதநாத போஸ், 1903ஆம் வருஷம் தமக்கு இளையவரான ஓர் ஆங்கிலேயர் தலைவராக்கப்பட்டதும் வேலையை விட்டார். மறுவருஷம் மயூர்பஞ்சில் தாம் கண்ட இரும்புத் தாதுவைப் பற்றி ஜாம்ஷெட்ஜி டாட்டாவுக்கு எழுதினார். அக்கடிதம் டாட்டா இரும்பு ஆலைக்கு வித்தாயிற்று. பீர்பால் ஸஹானி லக்னோவில் புதைதாவர ஆராய்ச்சிக் கழகத்தை நிறுவினார். 1949ஆம் வருஷம் ஏப்ரல் 3ஆம் தேதி ஜவாஹர்லால் நேரு நாட்டிய அதன் அஸ்திவாரக்கல்லில் உலகின் பல பாகத்துப் புதைபடிவங்களைப் பதித்திருந்தார்கள். ஒரு வாரத்துக்குள் ஸஹானி மறைந்தார். அவர் மனைவி சாவித்திரி அம்மையார் அந்த வேலையைத் தாங்கி நிறைவேற்றினார்.

அழிந்துபோன தஸ்தாவேஜு

இப்பொழுது வழக்குக்கு வருவோம். அரியலூர் ஜில்லா கல்லமேட்டில் கிடைத்த மாபெரும் எலும்புகளை, பூகர்ப்ப இலாகாவைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி இருவரும் 1987ஆம் வருஷம் வர்ணித்து, பிருஹத்காயோஸாரஸ் என்று பெயரிட்டார்கள். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டும் 2 மீட்டர் நீளம். உலகில் நடமாடிய நிலப்பிராணிகளில் மிகப் பெரியவற்றுள் இதுவும் ஒன்றாயிருக்கலாம் என்று கருதுவோர் உண்டு. எலும்பே அல்ல, கல்மரம் என்று சந்தேகித்தவர்களும் உண்டு. எலும்பை எடுத்துப் பார்த்தால் தீர்ந்துவிடும் வழக்கு இது. ஆனால் எலும்பு இல்லை! அவ்வெலும்புகள் பொடிந்து அழிந்துபோயின என்று 2017ஆம் வருஷம் வெளியாயிற்று. மிச்சமிருப்பவை சில பழைய புகைப்படங்களும் சித்திரங்களுமே. மூலப் பத்திரம் தொலைந்து, நகலைக்கொண்டு வாதாடும் கட்சிக்காரனின் நிலையில் நாம் இருக்கிறோம்.

அது இயற்கையால் நேர்ந்தது. மனிதன் கையால் நேர்வது வேறு. சிமெண்டுக்கு வேண்டிய சுண்ணாம்புக்கல் அந்தச் சிப்பிப் படிவுகளே. கல்லக்குடியில் 1939ஆம் வருஷம் ஆலை எழுந்தது முதல் திருச்சி, அரியலூர்ப் பகுதிகளில் சுரங்கங்கள் பெருகிவந்திருக்கின்றன. சிமெண்ட் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அத்தொழிலை நம்பி வாழ்கின்றன. சுரங்கம் வெட்டுவதால்தான் பல புதைபடிவங்கள் வெளிச்சத்துக்கே வருகின்றன. ஆனால் வெளிச்சத்துக்கு வந்தது மறுகணமே அரவை யந்திரத்துக்குள் போகுமானால், புத்தகத்தைப் பிரித்துப் படிக்காமல் அடுப்பெரித்தவர்கள் ஆவோம்.

சட்டம் என்ன சொல்கிறது? புராதனச் சின்னங்களைப் பற்றிய 1958ஆம் வருஷத்துச் சட்டம், நூறு வருஷங்களுக்குக் குறையாத கட்டடம், சிற்பம், கல்வெட்டு முதலியவற்றைக் கருதி இயற்றப்பட்டது. மனிதன் கைபடாத பாறை அடுக்கு அதன் நினைவில் இல்லை. சாத்தனூர், திருவக்கரைக் கல்மரங்கள் தேசியப் பூகர்ப்பச் சின்னங்கள் என்று பூகர்ப்ப இலாகாவால் அறிவிக்கப்பட்டு வேலியிடப்பட்டிருப்பது நல்லதே; வேலிக்கு வெளியே கிடப்பவற்றின் கதி என்ன? 2022ஆம் வருஷம் டிசம்பரில் மத்திய சுரங்க மந்திரி இலாகா, இத்தகைய இடங்களையும் பொருள்களையும் காக்க ஒரு நகல் மசோதாவை வெளியிட்டது. நகலைச் சட்டமாக்குவதும், சட்டத்தைக் காகிதத்தில் நிற்கவிடாமல் கிராமம்வரை கொண்டுசெல்வதும் பொதுஜன அபிப்பிராயத்தின் பலத்தாலேயே ஆகக்கூடியவை.

செய்ய வேண்டுவது

நமது யோசனைகள் எளியவை. சுரங்கம் ஒவ்வொன்றிலும் பாறை வரிசை முழுதும் தெரியும்படி ஒரு சுவரை வெட்டாமல் விட்டுவைப்பது முதலாவது. சுரங்கத் தொழிலாளருக்குப் புதைபடிவத்தை இனங்காணக் கற்பித்து, கண்டெடுத்து ஒப்புவிப்பவருக்குச் சன்மானமும், காட்சிச்சாலையில் அவர் பெயரும் அளிப்பது இரண்டாவது. கல்வி கற்காத ஸ்மித்தையும் மேரி ஆனிங்கையும் போன்ற கூர்மையான கண்கள் அரியலூர்க் குழிகளில் இல்லை என்று யார் சொல்வார்? அந்தப் பிரதேசத்துப் பள்ளிக்கூடங்கள், டில்லியிலோ சென்னையிலோ அச்சிட்ட பாடத்தோடு நில்லாமல், வருஷத்துக்கு ஒருமுறையேனும் மாணவர்களைக் காரைக்கும் சாத்தனூருக்கும் அழைத்துச் செல்வது மூன்றாவது. கல்லை எடுத்து வேடிக்கைக்காக வீட்டுக்குக் கொண்டுபோகும் வழக்கத்தை விடுவது நான்காவது. எந்த அடுக்கில் கிடந்தது என்று குறிக்கப்படாத புதைபடிவம், தேதியும் கையெழுத்தும் கிழிந்த பத்திரத்துக்குச் சமம்.

ராஜராஜன் கல்வெட்டொன்றை ஒருவன் உடைத்துச் சாலைக்கு ஜல்லி போட்டால் ஊர் கொதித்தெழும், எழ வேண்டியதுதான். அக்கல்வெட்டுக்கு வயது ஆயிரம். கல்லங்குறிச்சிச் சிப்பிக்கு வயது ஏழு கோடி. அதை எழுதிய கை இல்லை. மீண்டும் எழுதுவாரும் இல்லை. கிராம சங்கங்களிலும், வாசகசாலைகளிலும், சட்டசபையிலும் ஊழியம் செய்யும் நமது நேயர்கள், அடுத்த முறை குன்னத்தில் ஓர் உருண்டைக் கல் வெளிப்படும்போது, அது முட்டையா என்று மட்டும் கேட்டுத் திரும்பிவிடாமல், அது எந்த அடுக்கில் கிடந்தது, அதை இப்பொழுது யார் காக்கிறார் என்று கேட்பார்களாக. அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் கடமை சர்க்காருக்கு உண்டு. விடை வரும்வரை கேட்டுக்கொண்டிருக்கும் கடமை நமக்கு உண்டு.